தண்ணீர் வேண்டாம், ஜன்னலை மூடவும்

அத்திபெலே
11 ஜூன் 2025

லவினா அக்காவுக்கு ஜாய்சன் எழுதுவது.

உன் நம்பரை பிளாக் செய்தது நான்தான். கேரலுக்குப் போன் போட்டு, “உன் புருஷன் ஏன் இப்படிப் பண்றான்?” என்று கேட்பதை இன்றோடு நிறுத்து. அவள் உனக்கும் எனக்கும் நடுவில் கிடந்து அல்லாட வேண்டாம். இதை ரிஜிஸ்டர் தபாலில் உன் ஆபீஸுக்கே அனுப்புகிறேன். நீ கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். போடு. என்னிடம் மட்டும் எத்தனை சுலபமாக வாங்கினாய்!

எனக்கு டிபி இல்லை. நன்றாகப் படி, டிபியே இல்லை. பத்து மாதம் விடாமல் மாத்திரை விழுங்கினேன். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனது, சோறு தண்ணி இறங்கவில்லை, பதினாலு கிலோ இளைத்தேன். கடைசியில் பெரிய நெஞ்சு ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் “ஏனு கெலசா?” என்று கேட்டார். என்ன வேலை செய்கிறாய் என்று இத்தனை மாதத்தில் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை அக்கா. கிச்சனுக்கு குவார்ட்ஸ் கல் பதிக்கிற வேலை, சிங்க்குக்கு ஓட்டை வெட்டுவது நான் என்றேன். “தண்ணி விட்டு வெட்டுவீங்களா, ட்ரையாவா?” என்றார். ட்ரைதான் சார் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

கல் தூசியாம். சிலிகோசிஸ் என்று பெயர். அந்தக் கல் மலையிலிருந்து வெட்டி எடுத்தது இல்லை, குவார்ட்ஸை மாவாக அரைத்து, பசை கலந்து, அச்சில் வார்த்தது. அறுத்தால் அந்த மாவு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். போனது வெளியே வராது. அதற்கு மருந்தும் கிடையாது. இனிமேல் கல் பக்கம் போகாமல் இருந்தால், மிச்சமிருக்கிற நுரையீரல் கொஞ்ச வருஷம் தாங்கலாம் என்றார். எனக்கு முப்பத்தாறு வயது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் அன்று உன் வீட்டில் என் பிரியாணித் தட்டை நகர்த்திவிட்டு ஒரு பேப்பரை நீட்டினாய். “கம்பெனில மெடிக்கல் ஹெல்ப் கேக்கத்தாண்டா, கண்ண மூடிட்டுப் போடு” என்றாய். போட்டேன். நேற்று ஸ்கேனை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனால், எச்.ஆர். ரமா மேடம் அந்தப் பேப்பரை எடுத்து என் மூஞ்சிக்கு நேரே பிடிக்கிறாள். ‘வேலையில் சேருவதற்கு முன்பிருந்தே எனக்கு டிபி உண்டு’ என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து.

அதை டைப் அடித்தது யார்? பதில் எழுது. நேரில் வராதே.

ஜாய்சன்


தொம்மலூர்
17 ஜூன் 2025

டேய் ஜாய்சா,

ஆபீஸுக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்ப உனக்கு எப்படி மனசு வந்தது? போஸ்ட்மேன் ரிசப்ஷனில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ரமா மேடம் எல்லார் முன்னாலும், “என்ன லவினா, கோர்ட் நோட்டீஸா?” என்று சிரிக்கிறாள். இனி எழுதினால் வீட்டுக்கு எழுது.

ஸ்கேன் விஷயம் படித்தேன். வேறு டாக்டரிடம் ஒரு தடவை காட்டலாமே? ஒருத்தர் சொன்னதை வைத்துக்கொண்டு இப்படிக் குதிக்கிறாயே.

டைப் அடித்தது நான்தான். மறைக்கவில்லை. ரமா மேடம் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘முன்பிருந்தே’ என்று போட்டால்தான் இன்சூரன்ஸில் சிக்கல் வராது என்றாள். நீ ஆறாவது படிக்கும்போது ஒரு மழைக்காலம் முழுக்க இருமினாய், மம்மி உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் சர்ச்சுக்கும் அலைந்தாள். அதுவாக இருக்கும் என்று நானும் நினைத்தேன். உனக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்றா அடித்தேன்? ஆடுகோடி கேரேஜில் கிரீஸில் புரண்டுகொண்டிருந்தவனைக் கூட்டிவந்து இந்த வேலையில் சேர்த்ததே நான்தானே. அதையாவது ஞாபகம் வை.

ட்ரையாக வெட்டுவது கம்பெனி ரூல். நான் அங்கே சைட் கோஆர்டினேட்டர், முதலாளி இல்லை. மேலே சொல்வதைக் கீழே சொல்வதுதான் என் வேலை.

முட்டை கொடுத்தனுப்பினேன், கேரல் திருப்பி அனுப்பிவிட்டாள். அவளையும் உன்னை மாதிரி ஆக்கிவிட்டாயா?

லவினா


அத்திபெலே
21 ஜூன் 2025

அக்கா,

ஆறாவது வகுப்பு இருமலை எடுத்துக்கொண்டு வருகிறாயே, உனக்கே வெட்கமாக இல்லையா? அது கக்குவான். ஒரு மாதத்தில் சரியாகி நான் ஃபுட்பால் ஆடினேன். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

நீ ஏ.சி. ரூமில் உட்கார்ந்து ‘சைட்’ என்று எழுதுகிறாயே, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேள். கல்லைப் பட்டறையிலேயே அளவுக்கு வெட்டி விடுவோம். சிங்க் ஓட்டையும் அடுப்பு ஓட்டையும் மட்டும் ஃபிளாட்டில், பதித்த பிறகு வெட்ட வேண்டும். அதற்குள் மரத்தரை போட்டு முடித்திருப்பார்கள். தண்ணீர் பட்டால் தரை ஊறிவிடும், கீழ்வீட்டு சீலிங்கில் கறை வரும், அசோசியேஷன்காரன் கத்துவான். ஆகவே தண்ணீர் கிடையாது. தூசி காரிடாருக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரி புகார் பண்ணுவாள். ஆகவே கதவு, ஜன்னல் எல்லாம் அடைப்பு. ஃபேன் போடக் கூடாது, தூசி ஹாலுக்குப் பறக்கும். ஃப்ரிட்ஜுக்கு பிளாஸ்டிக் போர்த்துவோம், சோபாவுக்குப் போர்த்துவோம், ஏ.சி.க்கு டேப் ஒட்டுவோம். எல்லாம் முடிந்ததும் நான் கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு கிரைண்டரை ஆன் பண்ணுவேன். ஐந்து நிமிஷத்தில் என் கையே எனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று ஃபிளாட், ஐந்து வருஷம்.

நேற்று புகார் கொடுக்க ஃபாக்டரீஸ் டிபார்ட்மெண்டுக்குப் போனேன். ஆபீசர் நல்ல மாதிரிதான், உட்காரச் சொன்னார், ஸ்கேனைப் பார்த்தார். ஆனால் உங்கள் கம்பெனி ஏற்கெனவே முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டது. ‘எங்கள் இடத்தில் எல்லா வேலையும் தண்ணீர் விட்டுத்தான், மாஸ்க் போட்டுத்தான். இவருக்கு டிபி பழையது.’ கூடவே நான் போட்ட கையெழுத்து. “ட்ரை கட்டிங்னு எழுத்துல ஏதாவது இருக்கா?” என்றார்.

இருக்கிறது. உனக்கும் தெரியும். ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் காலையில் ஜாப் கார்டு கொடுப்பாயே, மஞ்சள் கார்டு. அதில் உன் முத்து முத்தான கையெழுத்தில் ‘தண்ணீர் வேண்டாம், ஜன்னலை மூடவும்’ என்று இருக்கும். வேலை முடிந்ததும் திருப்பி வாங்கி உன் பீரோவில் அடுக்கி வைப்பாய். எல்லாம் எனக்கு வேண்டும். தேதியோடு, வெட்டியவன் பெயரோடு வேண்டும்.

ஜாய்சன்


தொம்மலூர்
30 ஜூன் 2025

ஜாய்சன்,

ஒன்பது நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். என்னால் முடியாது.

கார்டுகள் கம்பெனி சொத்து. பீரோ சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒரு கார்டு வெளியே போனாலும் யார் எடுத்தது என்று விசாரிக்கவே தேவையில்லை. என் புருஷன் செத்து மூன்று வருஷம் ஆகிறது. அனன்யா பி.யூ.சி. இரண்டாம் வருஷம். இந்த வயதில் இன்னொரு ஆபீஸில் போய் இன்டர்வியூவுக்கு உட்காரச் சொல்கிறாயா? என் பெண்ணுக்கு நீதானே ஞானத்தகப்பன், அதையாவது நினைத்துப் பார்த்தாயா?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கார்டு எதிலும் கம்பெனி ஸ்டாம்ப் கிடையாது, மேனேஜர் கையெழுத்து கிடையாது. என் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தால் மாட்டப்போவது யார் என்று உனக்குப் புரிகிறதா? என் கழுத்தில் நானே கத்தி வைத்துக்கொள்ள வேண்டுமா?

எப்படியும் அது நிலைக்கப் போவதில்லை. ஜூலை கடைசியில் ஆபீஸ் ஒயிட்ஃபீல்டுக்கு மாறுகிறது. பழைய பேப்பர் எல்லாம் இருபத்தைந்தாம் தேதி கிழிக்கிற மெஷினில் போகிறது. லிஸ்டில் என் பீரோவும் இருக்கிறது.

உனக்கு ஆக வேண்டிய மருத்துவச் செலவை நான் பார்க்கிறேன். என் நகை இருக்கிறது. கம்பெனியோடு மோதாதே. உடம்பைப் பார்.

லவினா


அத்திபெலே
5 ஜூலை 2025

உன் நகையை நீயே போட்டுக்கொள்.

எனக்காகக் கேட்கிறேன் என்று நினைத்தாயா? எனக்குப் போனது போனதுதான், கார்டு வந்தால் நுரையீரல் வளரப் போகிறதா? நேற்று தேசிகன் வந்தான். ஞாபகம் இருக்கிறதா, போளூர்ப் பையன், இருபத்தாறு வயது, போன செப்டம்பரில் நான் நின்றதும் என் கிரைண்டரைப் பிடித்தவன். மாடிப்படி ஏறி வந்து, பேச முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த மூச்சு எனக்குத் தெரியும் அக்கா. அதே மூச்சைத்தான் நான் போன வருஷம் விட்டேன்.

அவனுக்கும் டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சளியில் கிருமி இல்லையாம், ஆனாலும் டிபியாம். லீவு கேட்டதற்கு ரமா மேடம் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறாள். “அண்ணா, இங்கிலீஷ்ல இருக்கு, படிச்சுச் சொல்லுங்க” என்று என்னிடம் நீட்டினான். ‘வேலையில் சேருவதற்கு முன்பிருந்தே எனக்கு டிபி உண்டு.’ என் பேப்பரேதான். கமா, புள்ளி மாறாமல் அப்படியே இருக்கிறது.

அதையும் நீதான் அடித்தாயா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். சொல்லாவிட்டால் எனக்கு அக்கா கிடையாது என்று பங்கு சாமியாரிடமே சொல்லிவிடுவேன்.

பேப்பரை நான் கிழித்துப் போட்டேன். நாளைக்கு அவன் மறுபடி வேலைக்குப் போகிறான். போகாதே என்றால், “சோத்துக்கு என்னண்ணா பண்றது?” என்கிறான். நான் என்ன சொல்லட்டும்?


தொம்மலூர்
13 ஜூலை 2025

ஜாய்சா,

நான்தான் அடித்தேன். புதிதாக அடிக்கக்கூட இல்லை. உன் ஃபைலைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றினேன். இரண்டு நிமிஷ வேலை. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவந்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான், டிபி ஒரே கம்பெனியில் ஒரே கிரைண்டரைப் பிடித்தவர்களுக்கு மட்டும் எப்படி வரும் என்று உறைத்தது.

இனி ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் நீ என் முகத்தில் முழிக்க மாட்டாய். முதல் கடிதத்திலிருந்தே இதை மறைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ட்ரையாக வெட்டுவது கம்பெனி ரூல் என்றேன் இல்லையா, அது பொய். அது என் யோசனை. 2019இல், நீ சேர்ந்த இரண்டாவது மாதம், கோரமங்கலாவில் ஒரு ஃபிளாட். தண்ணீர் விட்டு வெட்டி, கீழ்வீட்டுச் சீலிங் முழுக்கச் சொட்டி, அந்த வீட்டம்மா என்னை எல்லார் முன்னும் நாயே பேயே என்று திட்டினாள். அடுத்த ஃபிளாட்டில் நானே சொன்னேன், “தண்ணி வேணாம், ஜன்னல் கதவ மூடிட்டு ட்ரையா அடிங்க.” கறை இல்லை, புகார் இல்லை, வேலையும் அரை மணி நேரம் முன்னதாக முடிந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கில் முதலாளி என்னை எழுப்பி நிற்க வைத்துப் பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அதன்பிறகு எல்லாக் கார்டிலும் அதை எழுதினேன். என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

மாஸ்க் வேண்டும் என்று ஒரு தடவை நீ கேட்டாய். நல்ல மாஸ்க் போட்டால் கஸ்டமர் பயந்துவிடுவார்கள், ஏதோ விஷம் என்று நினைப்பார்கள் என்றேன். அதையும் நான்தான் சொன்னேன். நீதான் சுத்தமாக வெட்டுவாய் என்று கஷ்டமான ஃபிளாட்டை எல்லாம் உன் பெயருக்கே போட்டேன். தம்பியைப் பற்றிப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

கார்டுகளை எடுத்துவிட்டேன். ஐந்து நாளாக டிபன் பையில் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அனன்யா தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தாள். “இது யார் ஹேண்ட்ரைட்டிங் மம்மி?” என்று கேட்டாள். அவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக நான் கட்டித் தருகிற டிபனை அவள் எடுத்துப் போவதில்லை.

எங்கே, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுது.

லவினா


அத்திபெலே
16 ஜூலை 2025

படித்தேன். கேரலும் படித்தாள். அவள் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எத்தனை நாள் அவன் ரூல், அவன் ரூல் என்று அந்த முதலாளியைக் கரித்துக்கொட்டியிருப்பேன்! உன் வீட்டு மேஜையில் உட்கார்ந்தே திட்டினேன். நீ எதிரே உட்கார்ந்து எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாய். எப்படி அக்கா உன்னால் முடிந்தது? நான் கொல்லைக்குப் போய்விட்டு வரவே நடுவில் இரண்டு தடவை உட்காருகிறேன். என் பையனை என்னால் தூக்க முடியவில்லை. ஒரு வீட்டம்மா திட்டியதற்காகவா இத்தனையும்?

செவ்வாய்க்கிழமை, 22ஆம் தேதி, காலை பத்தரை மணி. ஃபாக்டரீஸ் டிபார்ட்மெண்ட், இரண்டாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யாது, படியேறிப் போ. கார்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ரசீது வாங்கு. நான் வரமாட்டேன். உன்னைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அன்று நீ போகவில்லை என்று தெரிந்தால், செத்தாலும் என் அடக்கத்துக்கு வராதே.


தொம்மலூர்
2 ஆகஸ்ட் 2025

ஜாய்சா,

போனேன். ரசீது இதோடு வைத்திருக்கிறேன். நாலாயிரத்து நூற்று நாற்பது கார்டு. எண்ணுவதற்கே அவர்களுக்கு மத்தியானம் ஆகிவிட்டது.

ஆபீசர் ஒரு கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் எழுதியது என்று கன்னடத்தில் கேட்டார். “இது யாரு பரெதித்து?” எழுதியது கம்பெனிக்காரன் யாரோ என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், புகார் கொடுக்க வந்தவள் என்று எனக்கு நாற்காலி போட்டிருந்தார். “நானே சார்” என்றேன். எனக்கு எழுந்து நின்றுவிட வேண்டும் போல இருந்தது. நின்றேன்.

மறுநாளே பட்டறைக்கும் இரண்டு சைட்டுக்கும் ஆள் வந்தார்கள். ட்ரை கட்டிங்கை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கல் வெட்டுகிற பதினோரு பேரையும் நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாலு பேருக்கு இருக்கிறது. தேசிகனுக்கு ஆரம்பம்தானாம், கல்லை விட்டுவிட்டால் பெரிதாகாமல் இருக்க வாய்ப்பு உண்டு என்றார்களாம். இதை அவனே எனக்குப் போன் செய்து சொன்னான். “தேங்க்ஸ் மேடம்” என்றான். போனை வைத்துவிட்டேன்.

என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். எல்லாம் லவினா தன்னிஷ்டத்துக்குச் செய்தது, நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. உன்னை வாக்குமூலத்துக்குக் கூப்பிடுவார்கள். உண்மையைச் சொல். அக்கா என்று பார்க்காதே. நான் எழுதியதை நான் எழுதினேன்.

லவினா


அத்திபெலே
19 ஆகஸ்ட் 2025

அக்கா,

நேற்று வாக்குமூலம் முடிந்தது. அதற்கு முந்தின நாள் ரமா மேடம் இங்கே வீடு தேடி வந்தாள். ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் ஒரு கூடையில் கொண்டுவந்தாள். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, “எல்லாம் உங்க அக்காதான் பண்ணாங்கன்னு மட்டும் சொல்லுங்க ஜாய்சன், அது நிஜம்தானே? மிச்சத்தக் கம்பெனி பாத்துக்கும், கடைசி வரைக்கும் பாத்துக்கும்” என்றாள். கேரல் கூடையை எடுத்து வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தாள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. நீதானே எழுதினாய்? சொல்லிவிட்டால் என் வயிற்றெரிச்சலாவது தீருமே என்று இருந்தது.

ஃபாக்டரீஸ் டிபார்ட்மெண்டில் என்னைக் கீழேயே உட்கார வைத்துவிட்டார்கள், ஆபீசர் இறங்கி வந்தார். கம்பெனி வக்கீலும் வந்திருந்தான். “இந்தக் கையெழுத்து உங்க அக்காவோடதுதானே? ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். சொன்னேன்.

“எழுதுனது எங்க அக்கா. ஆறு வருஷம் அதப் பாத்துக் கைதட்டுனது இவங்க முதலாளி. அந்தக் கார்ட வச்சு எத்தனை ஃபிளாட் சீக்கிரம் முடிஞ்சுதுன்னு மாசா மாசம் இவங்களே போர்டுல எழுதிப் போடுவாங்க சார், நான் பாத்திருக்கேன். எங்க அக்கா பேர எழுதுற பக்கத்துலயே இவங்க பேரையும் எழுதிக்கோங்க. ஒண்ண மட்டும் எழுதுனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

இதைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஆபீசர் காத்திருந்து, ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். படித்துக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டபிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்காதே. பங்கு சாமியார் வந்து மன்னிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், முடியாது சாமி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை அந்த ஆபீஸில் வைத்துக் கொட்டியிருந்தால், அதை அந்த வக்கீல் வாரி எடுத்துக்கொண்டு போய் முதலாளிக்குக் குடையாகப் பிடித்திருப்பான். அதனால் ஒரு சொட்டுக்கூட அங்கே சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முழுசாக இருக்கிறது, எல்லாம் உனக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வா. பையனைக் கூட்டிக்கொண்டு கேரல் எட்டரைப் பூசைக்குப் போய்விடுவாள். நீயும் நானும்தான் இருப்போம். திட்டுவேன். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும், நடுவில் தண்ணீர் எடுத்து நீட்டாதே, முதுகைத் தடவாதே, போதும்டா என்று சொல்லாதே. நான் முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்து கேள்.

ஜாய்சன்